ஒளி விழும் இடம்

வீரம் என்றதும் நம் கண்முன் தோன்றுபவை உயர்த்திய வாளும் பறக்கும் கொடியுமே. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற திங்கள் நம் பல்கலைக்கழக நூலகத்தில் கடற்போர் ஓவியங்கள் நிறைந்த பெருநூல் ஒன்றைப் புரட்டினேன். ஒரே போரை ஓவியர் மூவர் மூன்று விதமாகத் தீட்டியிருக்கக் கண்டேன். அன்று என் எண்ணம் மாறிற்று.

அது டிரபால்கர் போர். 1805 அக்டோபர் 21 அன்று ஸ்பெயின் நாட்டுக் கரையருகே நெல்சனின் 27 ஆங்கிலப் போர்க்கப்பல்கள், பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் 33-ஐ எதிர்த்து வென்றன. ஆனால் நண்பகல் கடந்து ஒரு மணிக்குமேல், பகைவர் கப்பலின் பாய்மரத்து மேடையிலிருந்து வந்த குண்டு நெல்சனை வீழ்த்தியது. தம் வீரர் மனந்தளரலாகாதென்று கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார் அவர். நீர்மட்டத்திற்குக் கீழே, காயமுற்றோர் கிடந்த இருண்ட தளத்துக்கு அவரைத் தூக்கிச் சென்றனர். மாலை நாலரை மணியளவில் அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது.

முதல் ஓவியம் பெஞ்சமின் வெஸ்ட் 1806-இல் முடித்தது. அதில் நெல்சன் இறப்பது மேல்தளத்தில்! சுற்றிலும் வீரர் கூட்டம், மேலே கொடிகள், வானத்தில் புகை. நடந்தது இதுவன்று என்பதை வெஸ்ட் அறிவார். மாவீரன் ஒருவன் இருட்டறையில் நோயாளிபோல் மடிவதைக் காட்டினால் காண்போர் உள்ளம் பொங்காது என்பது அவர் கருத்து.

இரண்டாவது, டெவிஸ் 1807-இல் தீட்டியது. இவர் நம் நாட்டுக்குப் புதியவரல்லர். வங்காளத்தில் பல்லாண்டு தங்கி நம் நெசவாளரையும் கைவினைஞரையும் வரைந்தவர். நெல்சன் உடலைச் சுமந்து திரும்பிய ‘விக்டரி’ கப்பலிலேயே ஏறி, அந்தத் தளத்தைப் பார்த்து வரைந்தார். உடனிருந்தோர் முகங்களையும் தீட்டிக்கொண்டார். அவர் ஓவியத்தில் விளக்கொளி மங்கலாக விழுகிறது. பாதிரியார் நெல்சனின் நெஞ்சை நீவுகிறார். மற்றொருவர் தலையணையைத் தாங்குகிறார். மருத்துவர் பீட்டி நாடி பார்க்கிறார். கொடியுமில்லை, வாள்வீச்சுமில்லை. ஆனால் டெவிஸும் ஒன்றை மாற்றினார். நெடியவரான கப்பல் தலைவர் ஹார்டி நிமிர்ந்து நிற்க இயலாத அந்தத் தாழ்ந்த தளத்தை உயர்த்தி, அவரை நிமிர்ந்து நிற்கவைத்தார்!

மூன்றாவது, டர்னர் 1822 முதல் 1824 வரை அரசர் ஆணையால் தீட்டிய மாபெரும் ஓவியம். முற்பகலில் ஏற்றிய கொடிக் குறிகளும், பிற்பகலில் சாய்ந்த பாய்மரமும், மாலையில் எரிந்த கப்பலும் அதில் ஒரே கணத்தில் தோன்றுகின்றன. கடலோடிகள் பலர் குறைகூறினர். 1829-இல் அது அரண்மனையை விட்டுக் கிரீன்விச் சென்றது. அதில் நெல்சனைத் தேடினால் எளிதில் அகப்படார். முன்னே தெரிபவர்கள், உடைந்த மரங்களைப் பற்றியவாறு நீரில் தத்தளிக்கும் பெயரில்லா மாலுமிகள்.

இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் சித்தப்பாவின் நினைவு வந்தது. கடற்படையில் பொறியறையிலேயே பல்லாண்டு உழைத்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது, “கடலில் என்னென்ன பார்த்தீர்கள்?” என்று ஆவலோடு கேட்டேன். அவர் சிரித்தார். “கடலை எங்கேடா பார்த்தேன்? இயந்திரத்தைத்தான் பார்த்தேன். மேலே என்ன நடக்கிறதென்று கீழே இருப்பவனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் கையை எடுத்தால் கப்பல் நின்றுவிடும்” என்றார். அவர் ஏதோ குறைபட்டுக்கொள்கிறார் என்றே அன்று நினைத்தேன். அது எத்தகைய பெருமிதம் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

நெல்சனின் கப்பலில் மட்டும் அன்று மடிந்தோர் ஐம்பதுக்கு மேற்பட்டோர். நம் நினைவில் நிற்பது ஒரு பெயர்தான். மற்றவர்களை மறக்கச் செய்தது வரலாறு மட்டுமன்று, தூரிகையுந்தான். ஓவியன் எங்கே ஒளியைப் பாய்ச்சுகிறானோ அங்கேயே வீரம் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். வெஸ்ட் அதை மேல்தளத்தில் பாய்ச்சினார். டெவிஸ் கீழ்த்தளத்துக்குக் கொண்டு சென்றார். டர்னர் அலைமேல் தத்தளிப்போரிடம் கொடுத்தார்.

தோழர்களே! இனி ஒரு போர் ஓவியத்தின்முன் நிற்க நேர்ந்தால், ஒளி விழும் இடத்தை ஒருமுறை பாருங்கள். இருள் படிந்த மூலைகளை இருமுறை பாருங்கள். நம் சித்தப்பாக்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.