ஒன்றரை மில்லிமீட்டர் வளையம்

அப்பா ஓட்டிய புல்லட் 350-இன் கிக்கரை அசட்டையாக மிதித்தால் காலைத் திருப்பித் தள்ளிவிடும். சின்ன வயதில் அதற்கே எனக்குப் பயம். போன மழைக்காலத்தில் அந்தத் திமிர் போய்விட்டது. கிக்கர் எதிர்ப்பில்லாமல் அடிவரை இறங்கியது. தினமும் ஏறும் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் மூச்சு வாங்கியது. சைலன்ஸரில் அவ்வப்போது வெடிச் சத்தம். மெக்கானிக் அண்ணன் இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார். "கம்ப்ரஷன் நிக்கல தம்பி. ஹெட்ட இறக்கிடலாம்" என்றார்.

ஹெட்டை இறக்குவதென்று ஆனதும் ஆசையும் சேர்ந்துகொண்டது. எப்படியும் பிரிக்கிறோம், அப்படியே கொஞ்சம் இழுவையையும் கூட்டிவிட்டால் என்ன? அடிப்பாகத்தை மில்லிங் போட்டு இறக்கு, காற்று போகும் வழியைக் குடைந்து பெரிதாக்கு என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எதற்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

இந்த எஞ்சின் 1949-இல் இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் வந்த வடிவம். 1955-இல் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் ஆலையிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் வெளிவந்துகொண்டே இருந்தது. பேரல் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பேரலின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கொள்ளளவு 346 சி.சி. பழைய வண்டிகளில் அழுத்த விகிதம் 6.5. அதாவது உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் ஆறரையில் ஒரு பங்காக நெருக்குகிறது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் கிடைத்த மட்டமான பெட்ரோலுக்கு அதுதான் தோது. அதற்கு மேல் நெருக்கினால் தீ பரவி முடியுமுன்பே கலவை தானாக வெடித்துத் தட்டத் தொடங்கும். இன்று பங்கில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே 91-க்குக் குறையாது. ஆகவே விகிதத்தை உயர்த்த இடம் இருக்கிறது. பாடப்புத்தகச் சூத்திரப்படி 6.5-ஐ 8.5 ஆக்கினால் வெப்பத்தை வேலையாக மாற்றும் திறன் சுமார் 9 சதவீதம் கூடும்.

ஆனால் மில்லிங்கில் அது கிடைக்காது. 6.5 விகிதத்தில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 63 சி.சி. ஹெட்டின் அடியில் அரை மில்லிமீட்டர் சீவினால் குறைவது 2 சி.சி.கூட இல்லை. விகிதம் 6.5-இலிருந்து 6.7-ஐக்கூட எட்டாது. ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது. ஹெட் வளைந்திருந்தால் சமப்படுத்தச் சீவலாம். அதற்கு மேல் சீவுவது நல்ல அலுமினியத்தை வீணாக்கும் வேலை. விகிதம் கூட வேண்டுமென்றால் தலை உயர்ந்த பிஸ்டன் போடுவதுதான் வழி.

அடுத்தது குடைவது. வழி பெரிதானால் காற்று அதிகம் வரும் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இந்தப் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 9 மீட்டர். 24 மில்லிமீட்டர் கார்புரேட்டர் வாய் வழியாக அந்தப் பேரலை நிரப்பும் காற்று, பிஸ்டனைப்போல எட்டரை மடங்கு வேகத்தில், வினாடிக்கு 76 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல்! இந்த ஓட்டத்துக்கு ஓர் உந்தம் உண்டு. பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். ஓடிவந்த காற்று நிற்க மனமில்லாமல் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நுழையும். வாயையும் வழியையும் 28 மில்லிமீட்டராக்கினால் அதே சுற்றில் வேகம் வினாடிக்கு 56 மீட்டராகச் சரிந்துவிடும். பந்தயத்தில் உச்ச சுற்றில் ஓடும் வண்டிக்கு அது லாபம். கூட்டத் தெருவில் நாலாவது கியரில் 'டுப் டுப்' என்று இழுத்துக்கொண்டு போகும் புல்லட்டுக்கு அதன் உயிரையே எடுப்பது மாதிரி.

ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர் இந்த வழிகளில் காற்றைச் செலுத்தி அளந்து பார்த்தே பேர் வாங்கியவர். லெ மான் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் எஞ்சின்களின் ஹெட்டுகளில் அவர் உழைப்பு உண்டு. காற்றுக்கு முக்கியம் வழியின் அகலத்தைவிட அதன் வளைவு என்பது அவ்வகை அளவீடுகள் காட்டிய பாடம். வால்வுக்கு ஒட்டிய கடைசி வளைவில் ஒரு படிக்கட்டு இருந்தால்கூட ஓட்டம் சுவரை விட்டு விலகிச் சுழலும். எங்கள் ஹெட்டில், வால்வு உட்காரும் சீட்டு வளையமும் அலுமினியமும் சேரும் இடத்தில் அப்படி ஒரு படி நகத்தில் தட்டுப்பட்டது. அதை மட்டும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினோம். மற்ற சுவரைத் தொடவில்லை.

உண்மையான நோய் இருந்தது வேறிடத்தில். எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார் அண்ணன். விளிம்பில் ஓரிடம் கரையான் அரித்த மாதிரி தின்னப்பட்டிருந்தது.

எஞ்சினில் இந்த வால்வு படும் பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பு. தகிக்கும் புகையில் குளித்து அதன் தலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெப்பத்தில் முக்கால் பங்கு வெளியேறும் வழி ஒன்றே: மூடியிருக்கும்போது சீட்டைத் தொடும் அந்த விளிம்பு. அகலம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். 3,000 சுற்றில் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் மூடியிருக்கும் நொடிப்பிளவில் அந்த ஒல்லி வளையத்தின் வழியாகச் சூட்டை ஹெட்டுக்குக் கடத்திவிட வேண்டும். கரித்துணுக்கு ஒன்று இடையில் சிக்கினாலும் அந்த இடத்தில் சூடு தங்கும், புகை பீறிடும், விளிம்பு எரியும்.

புல்லட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது, வால்வைத் திறக்கவைக்கும் கம்பியான புஷ்ராடை விரலால் சுழற்ற முடிய வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதன் டேப்பட்டை அப்படித்தான் வைப்பார்கள். ஓட ஓடச் சீட்டு தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் ஏறும், புஷ்ராடு இறுகும். ஏற்கெனவே இடைவெளியே இல்லாத இடம் அது. கவனிக்காமல் விட்டால் வால்வு முழுதாக மூடவே மூடாது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் ஈயப்படிவம் சீட்டின் மேல் மெத்தைபோல இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000-இல் நாடு முழுக்க ஈயம் நின்றது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த நஞ்சு ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய எஞ்சின்களில் மட்டும் கடினமான சீட்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம். அலுமினியம் இரும்பைப்போல இரு மடங்கு விரியும். ஹெட்டைச் சூடேற்றிக் குழியை விரித்து, குளிரவைத்த வளையத்தை இறக்கி இறுக்கினால்தான் எஞ்சின் கொதிக்கும்போதும் வளையம் கழன்று விழாது. லேத் பட்டறையில், வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடும் புதிது போட்டார்கள். தண்டு ஆடினால் வால்வு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உட்காரும். சீட்டை எவ்வளவு அழகாக வெட்டினாலும் பயனில்லை. அதனால் கைடு முதலில், சீட்டு வெட்டுவது பிறகு. உட்காரும் முகம் 45 டிகிரி. அதன் மேலும் கீழும் வேறு சாய்வில் வெட்டி அகலத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போதைய எத்தனால் பெட்ரோலையும் கணக்கில் எடுத்தோம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் எரியக் குறைந்த காற்றே போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே கலக்கும்; கலவை நீர்த்துப்போகும், வால்வின் சூடு ஏறும். அதனால் பெட்ரோலை விடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினோம்.

கடைசியில் லேப்பிங். வால்வில் தேய்ப்புப் பசையைத் தடவி, ரப்பர் முனைக் குச்சியை ஒட்டி, சிறு மத்தை உருட்டுவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார் அண்ணன். முதலில் கரகரவென்ற சத்தம், பிறகு அடங்கிய உரசல். துடைத்தபோது சாம்பல் நிறத்தில் அறுபடாத ஒரு வளையம். ஸ்பிரிங்கைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைக் குழி நிறைய மண்ணெண்ணெய் ஊற்றி அப்படியே விட்டுப்போனோம். காலையில் அண்ணன் போர்ட்டுக்குள் விரலை விட்டுத் தடவி என்னிடம் நீட்டினார். காய்ந்திருந்தது.