மதுரைச் சித்திரைத் திருவிழா

சித்திரை மாதத்தில் பாண்டி நாட்டு வெயில் கடுமையானது. அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். கண்மாய்கள் வற்றி, அவற்றின் அடிமண் வெடித்திருக்கும். உழவர்க்கு வயலில் வேலை குறைவு. மாணவர்க்கும் விடுமுறைக் காலம். இந்த ஓய்வு நாள்களையே மதுரை தன் பெருவிழாவுக்கு உரியனவாகக் கொண்டுள்ளது. மதுரை, சென்னையைப் போலப் பரந்து விரிந்த பெருநகர் அன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்தைச் சற்றே கடந்த மக்கள் வாழும் நகரம். விழா நாள்களில் சுற்றுப்புறச் சிற்றூர்கள் எல்லாம் அதனுள் வந்து நிறைந்துவிடும்.

இவ்விழாவைக் காண வருவோருள் பலர் இதனை ஒரே விழா என்று எண்ணுகின்றனர். உண்மையில் இவை இரண்டு விழாக்கள். ஒன்று நகரின் நடுவே அமைந்த மீனாட்சியம்மன் கோயில் விழா. மற்றொன்று நகருக்கு வடக்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் உள்ள அழகர்கோயில் விழா. முன்னது சைவம், பின்னது வைணவம். முன்னது நகரத்தார் விழா. பின்னது பெரிதும் நாட்டுப்புறத்தார் விழா. இவ்விரண்டும் ஒன்றாய் இணைந்த வரலாறு அறியத்தக்கது.

மீனாட்சியம்மன் கோயில் விழா பன்னிரண்டு நாள் நடைபெறும். கொடியேறிய நாள் முதல் அம்மையும் அப்பனும் நாள்தோறும் வெவ்வேறு ஊர்திகளில் வீதியுலா வருவர். எட்டாம் நாள் அம்மைக்கு முடிசூட்டு விழா. அன்று தொடங்கி ஆவணி வரை நான்கு மாதம் மதுரையில் மீனாட்சியின் ஆட்சி. பின்னர் சுந்தரேசுவரர் செங்கோல் ஏற்பார். ஒன்பதாம் நாள் திக்குவிசயம். பத்தாம் நாள் திருக்கல்யாணம். மங்கல நாண் பூட்டும் வேளையில், அதனைக் காணும் பெண்களும் தத்தம் தாலிக் கயிற்றைப் புதுக்கிக்கொள்வர். வீட்டுத் திருமணம் போலவே இதற்கும் விருந்து உண்டு. மொய் எழுதுவதும் உண்டு. விருந்து நடைபெறும் இடம் சேதுபதி பள்ளி. 1904ஆம் ஆண்டில் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராய்ப் பணியாற்றிய பள்ளி அதுவே.

பதினோராம் நாள் தேரோட்டம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களையொட்டியே பெயர் அமைந்துள்ளது. ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதிகளில் அன்று, மாசி வீதிகளில். சித்திரை விழாவுக்கு மாசி வீதி எதற்கு? இந்த வினாவுக்கு விடை காண முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அக்காலத்தில் மீனாட்சியின் திருமணமும் தேரும் மாசி மாதத்தில் நிகழ்ந்தன. அழகரோ சித்திரை முழுமதி நாளில் மலையிலிருந்து இறங்கி, சோழவந்தானை அடுத்த தேனூருக்குச் சென்று, அங்கே வைகையில் எழுந்தருளினார். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், மாசித் திருமணத்தைச் சித்திரைக்கு மாற்றினார். தேனூருக்குச் சென்ற அழகரை மதுரை வைகைக்கு வரச் செய்தார். மாசி மாதம் அறுவடைக் காலம். பெருந்தேர்களை இழுக்க ஆள் போதவில்லை. ஆகவே ஓய்வுக் காலமாகிய சித்திரையை மன்னர் தேர்ந்தார் என்பர். இரு சமயத்தாரையும் ஓரிடத்தில் கூட்டுவதும் அவர் கருத்தாய் இருந்திருக்கலாம். மன்னர் நாளை மாற்றினார், பெயர்களோ மாறவில்லை. தேரோடும் வீதி இன்றும் மாசி வீதி. மதுரையை அடுத்த வண்டியூரில் அழகர் தங்கும் மண்டபத்தின் பெயர் இன்றும் தேனூர் மண்டபம்.

மன்னர் இரு விழாக்களையும் அருகருகே கொணர்ந்தார். அவற்றைச் சேர்த்துத் தைத்த ஊசி மக்களின் கற்பனையே. மீனாட்சி அழகரின் தங்கை என்றும், தங்கையின் திருமணத்துக்குச் சீர்வரிசையுடன் புறப்பட்ட அண்ணன் வழியில் காலந்தாழ்த்தினார் என்றும், ஆற்றை அடைந்தபோது திருமணம் முடிந்துவிட்ட செய்தி கேட்டுச் சினங்கொண்டு, நகருக்குள் புகாமல் வண்டியூர் நோக்கித் திரும்பினார் என்றும் மக்கள் கூறுவர். அன்றிரவு அவர் துலுக்க நாச்சியார் இல்லத்தில் தங்குகின்றார் என்பதும் அக்கதையின் ஒரு பகுதி.

கோயில் மரபு கூறுவது வேறு. துருவாச முனிவரின் சாபத்தால் தவளையான சுதபசு என்னும் முனிவருக்கு விடுதலை அளிக்கவே அழகர் வைகைக்கு வருகின்றார். திருமணத்தில் மீனாட்சியைத் தாரை வார்த்துத் தருபவரும் அழகர் அல்லர். திருப்பரங்குன்றத்திலிருந்து உரிய நேரத்தில் வந்து சேரும் பவளக்கனிவாய்ப் பெருமாளே. அறிஞர் தொ. பரமசிவன் 1989இல் வெளிவந்த தம் 'அழகர்கோயில்' என்னும் நூலில் கோயில் மரபையும் மக்கள் வழக்கையும் ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்துள்ளார். ஏட்டில் உள்ள கதையை அறிந்தோர் சிலர். அண்ணன் தங்கை கதையை அறியாதார் மதுரையில் இல்லை. அண்ணன் சீர் கொண்டுவருவது அவர்கள் வீட்டில் நாளும் காணும் வழக்கம் அன்றோ!

அழகர் மலையை விட்டுப் புறப்படும்போது கள்ளர் கோலம் பூண்டு, கொண்டையும் கைத்தடியுமாய் வருவார். கோயில் வாயிலில் காவல் தெய்வமாகிய பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றே வெளியேறுவார். வழிநெடுக நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள் உண்டு. மண்டகப்படி என்பது இறைவன் சற்றே தங்கிப் பூசை ஏற்கும் இடம். இத்தனை இடங்களில் தங்கினால் காலந்தாழாமல் என்ன செய்யும்! அவரைத் தொடர்ந்து உண்டியல் வண்டிகளும் உருண்டு வரும். நகர மக்கள் மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைப்பர். அதற்கு எதிர்சேவை என்று பெயர். அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில், திருவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையை அழகர் சூடிக்கொள்வார்.

விடியுமுன்னரே வைகையின் இரு கரைகளும் மக்கள் கடலாகிவிடும். வாழையிலை மூடிய செம்பில் சருக்கரை நிரப்பி, அதன்மேல் சூடம் ஏற்றி ஏந்தி நிற்பர். சிலர் தலைமுடி இறக்குவர். வண்ண உடையும் தலைப்பாகையும் அணிந்து, தோளில் ஆட்டுத்தோல் துருத்தி தாங்கிய நேர்த்திக்கடன்காரர் நீரைப் பீய்ச்சுவர். திரி ஏந்தி ஆடுவோரும் உண்டு. துருத்திக்குப் பதில் விசைப்பம்பு கொண்டு நீர் பீய்ச்சும் பழக்கம் அண்மைக் காலத்தில் நீதிமன்ற ஆணையால் தடுக்கப்பட்டது, அது நல்லதே. பொன்குதிரை கண்ணிற் பட்டதும் ஆற்றுவெளி முழுதும் 'கோவிந்தா' என்னும் முழக்கம் எழும். அழகர் உடுத்தியுள்ள பட்டின் நிறம் யாது என்பதே அனைவரும் கேட்கும் முதற்கேள்வி. பச்சை என்றால் அவ்வாண்டு விளைச்சல் பெருகும் என்பது உழவர் நம்பிக்கை.

அந்த ஆற்றில் நீர் எங்கிருந்து வருகின்றது? சித்திரையில் வைகை பெரும்பாலும் மணற்பரப்பே. ஆண்டிப்பட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து விழாவுக்கென நீர் திறந்து விடப்படுகின்றது. அணையில் நீர் குறைந்த ஆண்டுகளில் ஆற்று மணலில் தொட்டி அமைத்து நீர் நிரப்பியதும் உண்டு. அழகர் இறங்கும் ஆறு இருக்கின்றது. ஆற்றில் இருக்க வேண்டிய நீரைக் கணக்குப் பார்த்து வழங்க வேண்டியிருக்கின்றது.

மக்கள் கூட்டமே இவ்விழாவின் அழகு. அதுவே அதன் இடரும் ஆகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய்ப் பரவலால் அழகர் வைகைக்கு வரவில்லை. சடங்குகள் அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தன. 2020இல் மீனாட்சி திருமணத்தை மக்கள் வீட்டிலிருந்தே ஒளிபரப்பில் கண்டனர். ஈராண்டு ஏக்கத்துடன் 2022 ஏப்ரல் 16 அன்று திரண்ட கூட்டத்தின் நெரிசலில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். ஆற்றின் அகலம் கரைக்குக் கரை வரையறுக்கப்பட்டது; வருவோர் தொகைக்கு அத்தகைய வரையறை இல்லை.

ஆற்றில் இறங்கிய பின்னும் விழா முடிவதில்லை. வண்டியூரை அடுத்த தேனூர் மண்டபத்தில் முனிவருக்குச் சாப விடுதலை. அன்றிரவு இராமராயர் மண்டபத்தில் விடியவிடியத் தசாவதாரக் கோலங்கள். உறங்காமல் காத்திருந்து பத்தையும் பார்த்துவிட வேண்டும் என்னும் சிறுவர் பலர் மூன்றாம் அவதாரத்திலேயே தாயின் மடியில் சாய்ந்துவிடுவர். சாலையோரங்களில் நீர்மோர்ப் பந்தலும் பானகப் பந்தலும் இடைவிடாமல் இயங்கும். யார், எவ்வூர் என்று கேளாமல் ஒவ்வொரு கையிலும் குவளை வைக்கப்படும். கோயில் விழாவையொட்டி அரசுப் பொருட்காட்சியும் உண்டு. நெடுங்காலம் அது நடந்த இடம் தமுக்கம் திடல். நாயக்கர் காலத்தில் யானைப்போர் முதலிய விளையாட்டுகள் நடந்த வெளி என்பர். இராட்டினம், வளையல் கடை, பஞ்சு மிட்டாய், முறத்தளவு அகன்ற டெல்லி அப்பளம் ஆகியவை சிற்றூர்ச் சிறுவர்க்கு அழகரைவிடச் சற்றே கூடுதலாக நினைவில் நிற்கும்.

இறுதியாக, தல்லாகுளம் சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கில் அழகர் மலைக்குத் திரும்புவார். கோயில் வாயிலில் பெண்கள் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றிக் கண்ணேறு கழிப்பர். அதற்குள் அணை மடைகள் அடைக்கப்பட்டிருக்கும். வைகையில் மணல் மீண்டும் தலைகாட்டத் தொடங்கும்.