இறக்கக்கண்டியின் கோடைகால நீர்ப் பிரச்சினை – ஒரு நோக்கு

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில், நிலாவெளியை அடுத்து அமைந்துள்ள கரையோர ஊர் இறக்கக்கண்டி. கிழக்கே கடல், மேற்கே களப்பும் உவர்நிலமும், இடையே ஒடுங்கியதொரு மணற்றரை. முஸ்லிம்களும் தமிழரும் வாழும் இப்பகுதியின் நீர்ப் பிரச்சினையைப் பலரும் ‘பற்றாக்குறை’ என்னும் ஒரு சொல்லால் விளக்கிவிடுவர். அச்சொல் பிரச்சினையின் ஒரு பாதியையே உணர்த்துகின்றது. இங்கு கோடையிற் குறைவது நீரின் அளவு மட்டுமன்று. எஞ்சிய நீரின் இனிமையும் அதனுடன் சேர்ந்து குறைகின்றது. ஆதலால், எவ்வளவு நீர் உள்ளது என்னும் வினாவோடு, அதனை யார், எங்கே, எவ்விதம் இறைக்கின்றனர் என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். பின்னைய வினா சமூகஞ் சார்ந்தது.

மழையும் கோடையும்

திருகோணமலையின் சராசரி ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,550 மில்லிமீற்றர் ஆகும். இது வறண்ட பாலைநிலத்துக்குரிய அளவன்று. ஆயினும் இம்மழையின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் பெய்துவிடுகின்றது. பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை வானம் பெரிதும் வெளித்திருக்கும். இடையிற் பெய்யும் சிறுமழை மண்ணை நனைப்பதோடு நின்றுவிடும். மலைநாட்டைக் கடந்து ஈரமிழந்து வரும் கச்சான் காற்று, குளங்களின் நீரையும் மண்ணின் ஈரத்தையும் வற்றச் செய்யும். எனவே நான்கு மாத மழையை எட்டு மாதத்துக்குக் காத்துவைப்பதே இப்பிரதேசத்தின் நீர்ப் பராமரிப்பு எனலாம்.

மணலுக்குள் ஒரு குளம்

கரையோர மணல், தன்மீது பெய்யும் மழையை விரைவாக உறிஞ்சித் தனக்குள்ளே தேக்குகின்றது. இந்நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லை வடிவில் மிதந்து நிற்கும். நன்னீரிலும் கடல்நீர் சற்றே அடர்த்தி கூடியது என்பதே இதற்குக் காரணம். ஒல்லாந்தரான கைபன் 1880களின் இறுதியிலும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும் தனித்தனியே கண்ட விதியின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை அது பரந்திருக்கும். மணற்படையின் தடிப்பும், இருநீரும் கலக்கும் இடைவலயமும் நடைமுறையில் இக்கணக்கைக் குறைக்கும். விதியின் உட்பொருளோ மாறாது.

அவ்வுட்பொருள் அச்சந் தருவதாகும். கிணற்றின் நீர்மட்டத்தை ஒரு முழம் தாழ்த்தினால், கீழேயுள்ள உவர்நீர் பல முழம் மேலெழ முயலும். துலாவாலும் வாளியாலும் இறைத்த காலத்தில், மனிதனின் கைவலுவே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிவிட்டது. ஆழக்கிணற்றிலிருந்து வேகமாக நீரை இழுக்கும்போது, கீழுள்ள உவர்நீர் கூம்புபோல் எழுந்து கிணற்றை அடைகின்றது.

எவ்வளவு உவர் ஒரு கிணற்றைக் கெடுக்கும்? கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. இலங்கைக் குடிநீர்த் தரநியமம் அனுமதிப்பது 250 மில்லிகிராம். நூறு குட நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே அவ்வெல்லை தாண்டப்பட்டுவிடும்.

2004 புகட்டிய பாடம்

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கீழைக்கரைக் கிணறுகளை உவர்நீரால் நிரப்பியது. அவற்றைத் துப்புரவாக்க நல்லெண்ணங் கொண்டோர் பலர் இயந்திரங்களுடன் வந்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்தோர் கண்ட முடிவு சிந்தனைக்குரியது. அளவுமீறிய இறைப்பு, கீழிருந்த உவரை மேலே இழுத்துச் சில கிணறுகளின் மீட்சியைத் தாமதப்படுத்தியது. உவரைப் படிப்படியாகக் கழுவியகற்றியது பின்வந்த மாரி மழையே. மணலின் இயல்பறியாத உதவியும் கேடாய் முடியலாம் என்பதற்கு இது சான்று.

கந்தளாயும் குழாய்நீரும்

மணலை விட்டால் அடுத்த மூலம் குழாய்நீர். திருகோணமலை நகருக்கும் சுற்றுப்புறங்களுக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழங்கும் நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருவது. குளக்கோட்டனோடு மரபு இணைத்துப் பேசும் இக்குளத்தின் அணைக்கட்டு 1986 ஏப்பிரல் 20ஆந் திகதி உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் அது மீளக் கட்டப்பட்டது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திசைதிருப்பப்பட்ட பின், மலைநாட்டுத் தென்மேற்குப் பருவமழையின் நீரும் அம்பன் கங்கை வழியாக இக்குளத்தை அடைகின்றது. திருகோணமலை வறண்டிருக்கும் மாதங்களிலே மலைநாட்டில் மழை பெய்கிறது என்பது இவ்வமைப்பின் பெரும் நன்மை.

ஆயினும் அதே மாதங்களிற் சிறுபோக நெற்செய்கையும் அந்நீரையே நாடி நிற்கின்றது. நகரம் வளர, குழாயும் வடக்கே நீள்கின்றது. அமுக்கம் குறையும்போது முதலில் வறள்வது குழாயின் கடைக்கோடியே. நேரம் வகுத்து நீர் வழங்குவது தவிர்க்க முடியாததாகலாம். ஆனால் அது எல்லோருக்கும் சமமான தியாகமன்று. நிலத்தடித் தொட்டியும் இயந்திரமும் உடையவர் திறந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நாளுக்குரியதைச் சேமித்துக்கொள்வர். குடம் மட்டும் உடைய பெண் வரிசையில் நிற்பாள். அன்றியும், வெறுமையான குழாய், வெடிப்புகளின் வழியே சுற்றிலுமுள்ள அழுக்கையும் உள்ளிழுக்கும்.

பவுசரில் நீர் கொணர்தல் அவசர உதவி; அதனைத் திட்டமாகக் கொள்ளலாகாது. 2019 கோடையிற் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சோலையார்பேட்டையிலிருந்து புகையிரதத்தில் நீர் வந்தது. ஒரு வண்டி ஒருமுறையிற் கொணர்ந்தது 25 இலட்சம் லீற்றர். மாநகரின் ஒருநாட் தேவையோ 80 கோடி லீற்றருக்கு மேல்.

செய்யத்தக்கவை

முதலாவது, கூரைநீர். மாரிகாலத்தில் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊரில், 50 சதுர மீற்றர் பரப்புள்ள சிறு கூரையில் 50,000 லீற்றர் விழும். ஐந்திலொரு பங்கை இழப்பெனக் கழித்தாலும் 40,000 எஞ்சும். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லீற்றர் கொண்டால், 240 நாட் கோடைக்கு வேண்டியது 6,000 லீற்றரே. இவ்வளவு கொள்ளும் தொட்டி பெரும் பொறியியற் சாதனையன்று. எனினும் ஏழைக் குடும்பம் தன் கைப்பணத்தாற் கட்டத்தக்கதும் அன்று. அங்கேதான் பொதுநிதியின் கடமை தொடங்குகின்றது. எஞ்சும் நீரை மணலுக்குள் இறங்கவிடின், அது நன்னீர் வில்லையைத் தடிப்பாக்கும்.

இரண்டாவது, இறைப்பின் ஒழுங்கு. ஓர் ஆழக்கிணற்றினும் பல ஆழமற்ற கிணறுகள் மேல். விரைந்த இறைப்பினும் மெதுவான இறைப்பு மேல். தெரிந்தெடுத்த சில கிணறுகளின் உவர்த்தன்மையை மாதந்தோறும் மின்கடத்துதிறன் மானியால் அளந்து, பிரதேச சபை ஊரார் காண அறிவித்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாடசாலை மாணவரும் செய்யக்கூடியது. உவர் ஏறத் தொடங்கும் மாதத்தில் இறைப்பைக் குறைப்பதற்கு அவ்வளவீடு ஆதாரமாகும். மணல் அகழ்வைத் தடுத்தலும், மலசலகூடக் குழிகளைக் கிணறுகளிலிருந்து தூர விலக்குதலும் இதனோடு சேர்ந்தவை.

மூன்றாவது, பங்கீடு. நிலாவெளிக் கரையின் உல்லாசப் பயணக் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை, அதாவது கடல் அமைதியுற்று மணலின் நீர் மெலிந்திருக்கும் காலம். விடுதியின் நீச்சற்குளமும், தோட்டக்காரனின் வெங்காயப் பாத்தியும், குடிசையின் குடமும் ஒரே வில்லையிலிருந்தே நீர் பெறுகின்றன. நிலத்தின் சொந்தக்காரன் அதன்கீழுள்ள நீருக்கும் தனிச் சொந்தக்காரன் என்னும் எண்ணம் மணற்றரையிற் பொருளற்றது. ஒருவர் தம் வேலிக்குள் இறைக்கும் மிகை, அயலவர் கிணற்றில் உவராக வெளிப்படும். ஆகவே பெரும் இறைப்புகளுக்கு மானியும், கோடைக்கால உச்சவரம்பும், குடிநீருக்கு முதலிடமும் விதிக்கப்படல் நியாயமானது.

இவை யாவும் மாரியிலேயே செய்யப்பட வேண்டியவை. மழைக்காலத்தில் தண்ணீரைப் பற்றி எவரும் பேசுவதில்லை; கோடையிற் பேசத் தொடங்கும்போது உவர் ஏறிவிடுகின்றது. மணலுக்குள் உள்ள இக்குளத்துக்கும் அணைக்கட்டு ஒன்று வேண்டும். கல்லாலும் மண்ணாலும் அதனைக் கட்ட முடியாது. ஊரார் கூடி வகுத்து, கூடிக் காக்கும் ஒழுங்கே அவ்வணை.