பாலாற்றங்கரை – 19: வேலூர் கலைவாணி வாங்கிய விருதுகள்

2023 ஜனவரி 25ஆம் தேதி பத்ம விருதுப் பட்டியல் வெளியானபோது அதில் வாணி ஜெயராம் பெயர் இருந்தது. பத்மபூஷண். அதற்கு முன்னால் அவருக்கு பத்மஸ்ரீ கூடக் கிடைத்ததில்லை. பாட வந்து ஐம்பது ஆண்டு தாண்டியபின் நேராக பத்மபூஷண் வந்தது. பத்தே நாளில், பிப்ரவரி 4 அன்று, சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை வீட்டில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு அவர் இறந்துபோனார். 77 வயது. அந்த விருதை வாங்க அவர் டெல்லிக்குப் போகவே இல்லை. அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 2ஆம் தேதி, ஹைதராபாத்தில் இயக்குநர் கே. விஸ்வநாத் காலமாகியிருந்தார். வாணி ஜெயராம் பெற்ற மூன்று தேசிய விருதுகளில் இரண்டு விஸ்வநாத் படங்களுக்குப் பாடியதற்காக வந்தவை. இயக்குநர் போன கையோடு பாடகியும் போனார்.

தோலும் ஆறும் ஷூ கம்பெனிகளுமாகப் போய்க்கொண்டிருக்கும் இந்தத் தொடரில் ஒரு பின்னணிப் பாடகி எங்கே வந்தார் என்று கேட்பீர்கள். அவர் நம் ஊர்க்காரர். 1945 நவம்பர் 30 அன்று, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வேலூரில், துரைசாமி ஐயங்கார் – பத்மாவதி தம்பதிக்குப் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கலைவாணி. கோட்டை, ஜலகண்டேஸ்வரர், சி.எம்.சி. ஆஸ்பத்திரி, வெயில் என்று வேலூரின் பெருமைகளை விரல் விட்டு எண்ணும் நாம் இந்தப் பெயரை அந்த வரிசையில் வைக்க மறந்துவிடுகிறோம். எனக்கு அது நெடுநாள் வருத்தம்.

இந்த வட்டாரத்தில் மூன்று மொழிகள் புழங்குகின்றன. வேலூர் பஸ் நிலையத்தில் சித்தூர் வண்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தெலுங்கு தேசம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முஸ்லிம் வீடுகளில் உருது. வாணியம்பாடியில் விடிய விடிய முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கம் நடக்கும். எல்லோருக்கும் பொதுவாகத் தமிழ். வாணி ஜெயராமின் விருதுப் பட்டியலைப் பார்த்தால் தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஏறக்குறைய அதே மூன்று திசைகளிலிருந்தும் வந்திருக்கிறது. ஊர்தான் அவருக்கு மொழிகளைக் கற்றுக்கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. அவர் வளர்ந்ததும் படித்ததும் பெரும்பாலும் சென்னையில். ஆனால் இத்தனை மொழிக்காரர்கள் சேர்ந்து தங்கள் பாடகி என்று உரிமை கொண்டாடும் ஒருவர் இந்த மண்ணில் பிறந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

படிப்பும் வேலையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மா பத்மாவதி, ரங்க ராமானுஜ ஐயங்காரிடம் பாட்டுக் கற்றவர். மகளுக்கும் முதல் பாடம் அங்கேதான். பிறகு கடலூர் சீனிவாச ஐயங்கார், டி.ஆர். பாலசுப்பிரமணியன், ஆர்.எஸ். மணி என்று குருமார்கள். எட்டு வயதில் சென்னை வானொலியில் பாடினார். வீட்டில் கர்நாடக சங்கீதம், காதில் இலங்கை வானொலியின் இந்திப் பாட்டு. ராணி மேரி கல்லூரிப் படிப்பு முடிந்ததும் ஸ்டேட் பாங்கில் உத்தியோகம்; சென்னை, அப்புறம் ஹைதராபாத். திருமணத்துக்குப் பின் மும்பை. கணவர் ஜெயராம்தான் அவரை பாட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்க அனுப்பினார். தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்ய வேண்டியிருந்ததால் பாங்கு வேலையை விட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண் பாங்கு வேலையை உதறுவது சின்னக் காரியமா?

1971இல் ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘குட்டி’ வந்தது. ஜெயா பாதுரி கதாநாயகியாக அறிமுகமான இந்திப் படம். இசை வசந்த் தேசாய். மியான் கி மல்ஹார் என்னும் மழைக்கால ராகத்தில் வாணி பாடிய பாட்டு வட இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. சாஸ்திரிய இசையில் அமைந்த சிறந்த இந்தித் திரைப்பாடலுக்கான தான்சேன் சம்மான் அதற்குக் கிடைத்தது. ரசிகர் சங்கங்களின் பரிசுகளும் குவிந்தன. அதே படத்தில் பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றையும் அவர் பாடினார். படம் போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. வட இந்தியப் பள்ளிகளில் காலை வணக்கத்தில் பிள்ளைகள் கைகூப்பி நின்று அந்தப் பாட்டை இன்னும் பாடுகிறார்கள். முதலில் பாடியவர் வேலூரில் பிறந்த தமிழ்ப் பெண் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தக் கேடயத்தையும்விட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னணிப் பாடகரின் பிழைப்பை ஆம்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். இங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிறார்கள், ‘அப்பர்’ என்பார்கள். அது கப்பலேறிப் போய் வேறொரு கம்பெனியின் பெயரைச் சுமந்துகொண்டு ஐரோப்பியக் கடைக் கண்ணாடிக்குள் நிற்கும். தைத்த கை யாருடையது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பாட்டும் திரையில் நடிகையின் முகத்தோடுதான் ஊருக்குள் வருகிறது. அதனால் பின்னணிப் பாடகருக்கு விருது என்பது வெறும் மரியாதையோடு நிற்பதில்லை. குரலுக்கு உரியவரை முன்னால் கூப்பிட்டு, இது இவருடையது என்று நாடறியச் சொல்லும் வேளை அது ஒன்றுதான்.

தமிழ் அவரை அப்படிக் கூப்பிட்டது 1975இல். பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’. பைரவி என்ற பாடகியாக ஸ்ரீவித்யா. கதையே ஒரு பாடகியைப் பற்றியது என்பதால் பின்னணிக் குரல் கொஞ்சம் பிசகினாலும் படம் படுத்துவிடும். கண்ணதாசனின் வரிகள், எம்.எஸ். விஸ்வநாதன் இசை. கச்சேரி மேடையில் பைரவி பாடும் பாட்டில் வாணியின் குரல் ராகத்துக்குள் ஆழமாக இறங்குகிறது. ஆனால் ஒரு சொல்லும் தேய்ந்து போகவில்லை. சங்கீதம் தெரிந்தவர்கள் பலரும் சொல்லைக் கோட்டைவிடுவார்கள். சொல் சுத்தமாக வருபவர்களுக்கோ ராகம் மேலோட்டமாக நின்றுவிடும். இரண்டும் ஒருசேர வாய்த்தவர் இவர். அந்த ஆண்டு தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு, பின்னணிப் பாடகி மூன்றும் அந்தப் படத்துக்கு வந்தன.

1979இல் குல்ஸாரின் ‘மீரா’. இசை பண்டிட் ரவிசங்கர். மீராவின் பஜனைகளைத் தம்பியின் இசையில் ஏற்கெனவே பாடியிருந்ததால் லதா மங்கேஷ்கர் ஒப்புக்கொள்ளவில்லை. ரவிசங்கர் வாணியை அழைத்தார். ஹேமமாலினி திரையில் மீராவாக நிற்க, பஜனைகள் எல்லாம் வாணியின் குரலில். இந்திப் படவுலகின் ஃபிலிம்ஃபேர் விருது 1980இல் அவருக்கு வந்தது. கர்நாடக சங்கீத வீட்டில் பிறந்த பெண்ணின் ராஜஸ்தானி உச்சரிப்பில் வடக்கே யாரும் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. அப்படியிருந்தும் மும்பையில் அவருக்குக் கிடைத்த பாட்டுகள் அவர் திறமைக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. எழுபதுகளின் நடுவிலேயே சென்னைக்கு வந்துவிட்டார். தெற்கத்திய மொழிகள் நான்கும் அவரை அள்ளிக்கொண்டன.

அவரை சாஸ்திரிய இசைக்காரர் என்ற ஒரே பெட்டியில் அடைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்கு ‘அழகே உன்னை ஆராதிக்கிறேன்’ படத்துக்காகக் கிடைத்தது. ஸ்ரீதர் இயக்கம், இளையராஜா இசை, 1979. அந்தப் படத்தில் மேல்நாட்டு நடையில் அவர் பாடியதைக் கேளுங்கள். கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, கொஞ்சம் மயக்கமும் கொஞ்சம் குறும்புமாக, மீராவைப் பாடிய அதே குரல். கமகம் வேண்டாத இடத்தில் அதை அறவே விட்டுவிடுகிறார். நிறையக் கற்றவர்களுக்கு, கற்றதைக் காட்டாமல் இருப்பது எளிதில் வராது. பரிசுக் குழு அன்று அதற்கு மதிப்புக் கொடுத்தது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

தெலுங்கிலிருந்து வந்த இரண்டு தேசிய விருதுகளைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். முதலாவது ‘சங்கராபரணம்’. 1980 பிப்ரவரி 2ஆம் தேதி வெளியானது. அதே பிப்ரவரி 2தான் பின்னாளில் விஸ்வநாத்தின் கடைசி நாளானது. கே.வி. மகாதேவன் இசை. மொழிமாற்றம் செய்யாமல் தெலுங்கிலேயே தமிழ்நாட்டில் ஓடிய படம். எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு முதல் தேசிய விருதும், மகாதேவனுக்கு இசைக்கான விருதும், வாணிக்கு இரண்டாவது விருதும் அதில் கிடைத்தன. முடிவில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும் குருவால் தொடர முடியாமல் போகும்போது சிறுவனான சீடன் பாட்டை எடுத்துக்கொள்கிறான். அந்தச் சிறுவனின் குரல் வாணியுடையது.

இரண்டாவது ‘சுவாதி கிரணம்’, 1991ஆம் ஆண்டின் விருது. அதே விஸ்வநாத், அதே மகாதேவன். மம்மூட்டி நடித்த அனந்தராம சர்மா பெரிய வித்வான். பத்ம விருது தனக்குக் குறைச்சல் என்று ஒதுக்குகிற அளவுக்குத் தலைக்கனம். கங்காதரம் என்ற சிறுவன், மாஸ்டர் மஞ்சுநாத், அவரிடம் சீடனாக வருகிறான். பையனின் பாட்டு குருவின் மனதில் பொறாமையை மூட்டுகிறது. அந்தப் பொறாமையைக் கண்டுகொண்ட பிள்ளை, தான் இல்லாவிட்டால் குரு நிம்மதியாக இருப்பார் என்று உயிரை விடுகிறது. புகழும் மரியாதையும் ஒரு மேதையை உள்ளிருந்து அரிப்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இந்தியப் படம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளையின் பாட்டு முழுவதும் வாணி பாடியது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். குரலை மெல்லியதாக்கிக் குழந்தை போல நடிக்கும் தந்திரம் எதுவும் அதில் கிடையாது. குரல் முழுசாகத்தான் வருகிறது. ஆனால் ஸ்வரத்தைத் தொடும் விதத்தில், பெரியவர்களுக்கு இருக்கும் நிதானக் கணக்கு இல்லை. ஓடிப்போய்த் தொடுகிறது, தொட்டுவிட்ட சந்தோஷத்தில் அடுத்ததற்குத் தாவுகிறது. ஸ்டேட் பாங்கை விட்டுவிட்டுச் சாதகம் செய்த பெண், இருபது வருஷம் கழித்து, சாதகமே தெரியாத பிறவி மேதையின் குரலாகக் கேட்கிறார். சிரிவெண்ணெல சீதாராம சாஸ்திரியின் பாட்டுக்கு விருது என்று குறிப்பு இருக்கலாம். என்னைக் கேட்டால் அந்தப் படத்து அத்தனை பாட்டுக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

இது தவிர ஆந்திரம், குஜராத், ஒடிசா மாநில விருதுகள், கலைமாமணி, 2013இல் ஹைதராபாத்தில் கொடுத்த தென்னிந்திய ஃபிலிம்ஃபேர் வாழ்நாள் சாதனையாளர் விருது எல்லாம் உண்டு. வாழ்நாள் சாதனை என்று கொடுத்த மறு ஆண்டே, 2014இல், மலையாளத்தில் ‘1983’ படத்துக்காக பி. ஜெயச்சந்திரனோடு ஒரு டூயட் பாடினார். இளம் காதலுக்கான பாட்டு. பாடகிக்கு அறுபத்தெட்டு வயது. கேரளம் முழுக்க அதை முணுமுணுத்தது. 2016இல் ‘ஆக்‌ஷன் ஹீரோ பிஜு’வில் ஜேசுதாஸோடு இன்னொன்று. தமிழ் சினிமா அந்த ஆண்டுகளில் அவரிடம் இப்படி ஒரு பாட்டைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்காமல் விட்டதில் நஷ்டம் நமக்குத்தான்.

பத்ம விருது தாமதமாக வந்தது வாணிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2013இல் எஸ். ஜானகிக்கு பத்மபூஷண் அறிவித்தபோது, காலங்கடந்து வருகிறது என்று அவர் மறுத்துவிட்டார். எம்.எஸ். விஸ்வநாதனோ பத்ம விருதும் தேசிய விருதும் இல்லாமலே 2015இல் போய்விட்டார். அவர் இசையில் பாடியவர்கள் தேசிய விருது வாங்கினார்கள், இசையமைத்தவருக்கு வரவில்லை. ஜானகியின் கோபம் நியாயமானது. வாணி மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டார். அதுவும் நியாயம்தான். தாமதித்தவர்கள் மேல்தான் குறை.

டெல்லியை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வேலூர் தன் பங்குக்கு ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் நவம்பர் 30 அன்று, வாணி ஜெயராம் பெயரில் ஊர் சார்பாக ஒரு விருது. செலவு பெரிதில்லை, இந்த வட்டாரத்து ஏற்றுமதியாளர்கள் சேர்ந்தால் ஒரு மாலைப் பொழுதில் பேசி முடிக்கக்கூடிய தொகை. தமிழ், தெலுங்கு, உருது மூன்றில் ஏதாவது இரண்டிலாவது சுத்தமாகப் பாடத் தெரிந்த, முப்பது வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு ஒரு பரிசு. கூடவே இன்னொரு பரிசு, தோல் வாத்தியம் செய்பவருக்கு. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வேண்டும். இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். தோலைத் தேர்ந்தெடுத்து, ஊறவைத்து, இழுத்துக் கட்டி, நாதம் பிறக்கும் வரை தட்டிப் பார்க்கும் அந்தக் கைகளை எந்தப் பட்டியலும் இதுவரை சரியாகக் கூப்பிட்டதில்லை. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கிடைத்தபோது வாசிப்பவருக்கான கதவு திறந்தது. செய்பவருக்கான கதவைத் தோலாலேயே வாழும் இந்த ஊர்கள் திறக்கலாம். இரண்டு பரிசையும் வேலூரிலேயே ஒரே மேடையில், வாங்குகிறவர் தெம்பாக நடந்து வந்து வாங்கும் வயதில் கொடுக்க வேண்டும்.

(தொடரும்)