‘வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்களா?’

நள்ளிரவு வானொலி நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் சில கேள்விகள் எப்போதும் தயாராக இருக்கும். சாப்பிட்டாச்சா? அங்கே மழையா? வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்களா? அழைப்பில் வருகிற நேயரின் கூச்சம் போவதற்காகக் கேட்பது. பதிலை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை, நானும்தான். பூச்சோங்கிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள் அழைக்கும் ஓர் அண்ணனிடம் பல மாதங்களாக இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். “ஆமா தங்கச்சி, எல்லாரும் தூங்கிட்டாங்க” என்பார். அப்புறம் ஒரு பழைய பாட்டு கேட்பார்.

ஓர் இரவு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. பின்னால் அடைமழை. நான் ஊடகத் துறையில் படித்தபோது ஒலிப்பதிவு வகுப்பில் மனத்தில் நின்றது ஒன்றுதான்: இடத்துக்கு இடம் சத்தம் மாறும். அந்தப் பதிவில் கேட்டது வீட்டுக் கூரையில் விழுகிற மழை இல்லை. தலைக்கு ஓரடி மேலே மெல்லிய தகட்டில் விழுகிற மழை. பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவரை அழைத்தேன்.

“அண்ணே, காடியிலயா இருக்கீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இன்னிக்கு மட்டும் இல்ல தங்கச்சி. ஏழு மாசமா.”

பெயரும் காடி எண்ணும் வரக்கூடாது என்ற நிபந்தனையோடு பேச ஒப்புக்கொண்டார். வேலை முடிந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு பண்டார் புத்ரியில் ஒரு மாமாக் கடைக்குப் போனேன். விடிகாலை ஐந்தரை மணி. இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம். வயது 48. இ-ஹெய்லிங் ஓட்டுநர். பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே அவர் நாளின் பாதியைச் செலவழிக்கிறார் என்பது பேசப் பேசப் புரிந்தது.

கதை மலையில் ஆரம்பித்தது. பூச்சோங்கிலிருந்து கெந்திங் மலைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றால் நல்ல காசு. ஆனால் காலியாகத் திரும்பினால் எண்ணெய்க்கும் டோலுக்கும் போய்விடும். ஆகவே கீழே இறங்கும் பயணி கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் உள்ளே போய்ப் பார்த்தார். “முதல் நாளே 300 வெள்ளி கிடைச்சது. அன்னிக்குத் தோத்திருந்தா நான் இப்ப வீட்ல இருப்பேன். யாரையும் குறை சொல்ல மாட்டேன் தங்கச்சி, என் கால்தான் நடந்து போச்சு.”

லிம் கோ தோங் 1969இல் உரிமம் பெற்றார், 1971இல் மலையில் முதல் விடுதி திறந்தது. இன்றுவரை நாட்டில் சட்டப்படி இயங்கும் ஒரே கேசினோ அதுதான். முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை, மற்றவர்களுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2010இல் இரண்டு கேசினோக்களைத் திறந்தபோதே உள்ளூர்வாசிகளுக்கு நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். 2019 முதல் அது ஒரு நாளைக்கு 150 டாலர். ஒருவரை உள்ளே விடாதீர்கள் என்று அவருடைய குடும்பமே அங்கே விண்ணப்பிக்கலாம். நம் மலையில் அப்படி நுழைவுக் கட்டணம் கிடையாது. இருந்திருந்தால் இவர் நின்றிருப்பாரா என்று கேட்டேன். சிரித்தார். “காத்திருக்கிற ஒரு மணி நேரத்துக்கு யாராச்சும் 150 கட்டுவாங்களா?”

ஆனால் வீடு போனதற்குச் சூது மட்டும் காரணம் இல்லை. குடியிருந்த அடுக்குமாடி வீட்டை உரிமையாளர் விற்றார். வேறு வீடு பார்க்க வேண்டும். வாடகை வீடு தேடியவர்களுக்குக் கணக்கு தெரியும்: இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. மாதம் 1,200 வெள்ளி வீட்டுக்கு 4,200 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட முடியும். இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே போடுகிறவர்களைக் கழித்துவிட்டு மிஞ்சும் கதவுகளைச் சொல்கிறேன். மாதாமாதம் 1,200 கட்ட அவரால் முடியும். ஒரே நாளில் 4,200 புரட்ட முடியவில்லை. அந்தப் பணம்தான் மலையில் போயிருந்தது. மனைவியும் இரண்டு பெண்களும் கிள்ளானில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். நண்பர்களோடு அறை எடுத்துத் தங்குவதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

காடியில் வாழ்வது எப்படி என்று கேட்டேன். காலைக் கொஞ்சம் நீட்டிப் படுப்பதுதானே என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முதல் சங்கடம், அது வீடு மட்டுமில்லை, கடையும்கூட. விமான நிலையப் பயணிகளின் பெட்டிகளுக்குப் பின்பக்கம் காலியாக இருக்க வேண்டும். ஆகவே குடும்பஸ்தனின் மொத்தச் சாமானும் ஒரே பையில் அடங்கி, மாற்றுச் சக்கரம் இருக்கும் பள்ளத்துக்குள் போகிறது. சட்டைகள் தெரிந்த பட்டறை ஒன்றில் தொங்குகின்றன. காடியில் சாப்பிடவே மாட்டார். வாடை தங்கினால் பயணி நட்சத்திரத்தைக் குறைத்துவிடுவார். தூங்குவது முன்பக்கப் பயணி இருக்கையில். ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தால் முதுகு இன்னும் வேலை நேரம் என்றே நினைத்துக்கொள்கிறதாம்.

இரவில் ஓட்டுகிறார், ஏனென்றால் இரவில் நிறுத்தித் தூங்கினால் போலீஸ்காரரோ பாதுகாவலரோ கண்ணாடியைத் தட்டுவார். பகலில் தட்ட மாட்டார்கள், ஆனால் வெயில். மரநிழலோ பேரங்காடியின் அடித்தள நிறுத்துமிடமோ வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் கட்டணம். நான்கு கண்ணாடியையும் இரண்டு விரல் இறக்கி, கொசுவலைத் துணியைக் கதவிடுக்கில் மாட்டி வைக்கிறார். இன்ஜினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் தூங்குவதே இல்லை. புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியபடியே போனவர்களின் செய்தி நம் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது.

குளியல் எலைட் நெடுஞ்சாலையின் யூஎஸ்ஜே ஓய்விடத்தில், விமான நிலையப் பயணம் கிடைக்கும் நாட்களில் மட்டும். அதற்கென்று தனியாகப் போனால் டோல் தண்டம். மற்ற நாட்களில் எண்ணெய் நிலையக் கழிப்பறையில் ஒரு போத்தல் தண்ணீர்.

கேசினோ நகரம் என்றால் லாஸ் வேகஸ்தான். அங்கேயும் காடிவாசிகள் நிறையப் பேர். பெரிய விடுதிகளின் இலவச நிறுத்துமிடம்தான் பலருக்குக் கைகொடுத்தது. 2016இல் எம்ஜிஎம் நிறுவனம் தன் விடுதிகளில் நிறுத்தக் கட்டணம் வாங்க ஆரம்பித்ததும் அதுவும் சுருங்கியது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். மலையில் தூங்கலாமே, 20 டிகிரிக்கும் கீழே குளிரும், கொசுவும் குறைவு என்று பலர் சொன்னார்களாம். “அங்க தூக்கம் வராதுன்னு எனக்குத்தானே தெரியும்” என்றார். மலைக்கு வரும் அழைப்புகளை இப்போது ஏற்பதில்லை.

கோலாலம்பூரில் வீடற்றோருக்காக ஜாலான் பகாங்கில் மாநகராட்சியின் தற்காலிகத் தங்கும் மையம் இருக்கிறது. அவர் போகவில்லை. இரவில் ஓட்டுகிறவர் இரவில் அங்கே எப்படிப் படுப்பார்? 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் பற்றியும் எங்கோ கேட்டுப் பயந்திருந்தார். பிழைக்க வழியோ இருப்பிடமோ இல்லாமல் பொது இடத்தில் திரிகிறவரை அழைத்துச் செல்ல அச்சட்டம் இடம் தருகிறது. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் மூன்று ஆண்டுவரை நலன்புரி இல்லத்தில் வைக்கலாம். உங்களுக்கு வேலை இருக்கிறதே என்றேன். “வீட்டு விலாசம் கேட்டா?” என்றார். அடையாள அட்டையில் இன்னும் விற்கப்பட்ட வீட்டின் முகவரிதான்.

அவருடைய உண்மையான பயம் வேறு. காடித் தவணை ஒன்று தவறியிருந்தது. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் அறிவிப்புக் கடிதம் அனுப்பி, 21 நாள் கழித்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் மட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். இவர் பாதிகூடக் கட்டவில்லை. கடிதமோ பழைய முகவரிக்குப் போகும். வண்டி போனால் வேலையும் படுக்கையும் ஒரே நாளில் போகும்.

பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே கடன் ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. என் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்தோம். சமூக நல உதவிக்கு 15999 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதைக் குறித்துக்கொண்டார், இன்னும் அழைக்கவில்லை. மனைவியிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். மூத்த பெண்ணுக்கு எஸ்பிஎம் முடியட்டும் என்றார். அது சரியில்லை என்றுதான் எனக்கு இப்போதும் தோன்றுகிறது. ஆனால் சொல்ல வேண்டியவர் அவர்.

போன வாரம் அழைத்தார். தவறிய தவணையைக் கட்டிவிட்டார். பூச்சோங் 14ஆம் மைலில் ஓர் அறை பார்த்திருக்கிறார், மாதம் 500 வெள்ளி, இரண்டு மாத முன்பணம். 1,500 வேண்டும், 900 சேர்ந்திருக்கிறது. மாதக் கடைசிவரை வைத்திருப்பதாக உரிமையாளர் சொல்லியிருக்கிறார்.

“எங்கிருந்து பேசறீங்கண்ணே?” என்று கேட்டேன்.

“கின்ராரா பக்கம் தங்கச்சி. ஒரு பயணி வராரு, பாட்டை மட்டும் போட்டு விடுங்க.”