கதவில்லாத கடை

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நான் ஓர் இணையத்தளம் செய்தேன். மருதமுனையில் எங்கள் வீட்டில் இரண்டு தறிகள் ஓடுகின்றன. வாப்பா நெய்யும் சாரிகளையும் சாரங்களையும் இடைத்தரகர்கள் எடுத்துச் செல்வார்கள். விலையையும் அவர்களே தீர்மானிப்பார்கள். வாங்குபவர்கள் நேரடியாக வாப்பாவுக்கு அழைப்பெடுக்க வேண்டும் என்பதே என் ஆசை. ராத்தாவின் பல்கலைக்கழகச் செலவும் அந்தத் தறிகளிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

தளம் என் கண்ணுக்கு மிக அழகாக இருந்தது. சாரியின் பெயர், விலை, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் ஒரு பெரிய படத்தின் மேல் அலங்கார எழுத்தில் பொறித்து, அந்தப் படத்தையே முகப்பாக வைத்தேன். மூன்று மாதங்களாகியும் ஓர் அழைப்புக்கூட வரவில்லை. "மருதமுனை கைத்தறிச் சாரி" என்று கூகுளில் தேடினேன். யார் யாரோ வந்தார்கள், நாங்கள் வரவில்லை.

"மகள், நீ கட்டின கடைக்குக் கதவு வெக்க மறந்துட்டியா?" என்று வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்று அன்றுதான் படிக்கத் தொடங்கினேன்.

அதன் வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதலில், அதன் மென்பொருள் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்கிறது. அடுத்து, கண்டவற்றை நூலக அட்டவணை போலப் பதிந்து வைக்கிறது. நாம் ஒன்றைத் தேடும்போது, அந்த அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துகிறது.

என் தளத்துக்கு வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லை. வந்து பார்த்தாலும் வாசிப்பதற்கு எழுத்து இல்லை. படத்துக்குள் எழுதியதை மனிதர் வாசிப்பது போலத் தேடுபொறி வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தலைப்பும் விலையும் விவரமும் உண்மையான எழுத்தாகவே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்க வேண்டும். அந்த வரி பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் உதவும்.

இரண்டாவது தவறை ராத்தா கண்டுபிடித்தார். தளத்தில் எழுத்தாக இருந்த ஒரேயொரு பந்தி, அவரது கைத்தொலைபேசியில் விளங்காத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. நான் அதைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். பாமினியில் "தமிழ்" என்று நாம் எழுதும்போது கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பீ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அதற்குத் தமிழ் உடை உடுத்துகிறது. தேடுபொறி பார்ப்பது உடையை அல்ல, உள்ளே இருப்பதை. யுனிகோடில் எழுதினால்தான் தமிழ் தமிழாகவே பதிவாகும். நாம் பழகிய பாமினி விசைப்பலகை ஒழுங்கிலேயே யுனிகோடில் எழுதவும் முடியும்.

மூன்றாவது, பாரம். கமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தேன். பக்கத்தின் பிரதான பகுதி 2.5 செக்கனுக்குள் தோன்றுவது நல்லது என்கிறது கூகுள். எங்கள் பக்கம் திறப்பதற்குள் ஒரு மிடறு தேநீர் குடித்துவிடலாம். அத்துடன், கூகுள் இப்போது தளங்களின் கைத்தொலைபேசி வடிவத்தையே முதன்மையாகப் பார்க்கிறது. என்னுடையதோ கணினித் திரைக்காக மட்டும் செய்தது.

எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் கட்டினேன். ஒவ்வொரு சாரிக்கும் தனிப் பக்கம், தெளிவான தலைப்பு, முகப்பிலிருந்து அதற்கு இணைப்பு, அளவு குறைத்த படம். நூலின் தரம், நெய்ய எடுக்கும் நாட்கள், துவைக்கும் முறை எல்லாவற்றையும் வாப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். கூகுளின் இலவசச் சேவையான சேர்ச் கொன்சோல் மூலம் தளத்தை அறிவித்தேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வடிவமைப்பு மட்டும் யாரையும் முதலிடத்துக்குக் கொண்டுபோகாது. தேடுபவருக்குப் பயனுள்ள விடயம் உள்ளே இருக்க வேண்டும். மற்றவர்களும் அதை நம்பி இணைப்புத் தர வேண்டும். நல்ல வடிவமைப்பு செய்வது, உள்ளே இருப்பதை மறைக்காமல் காட்டுவது மட்டுமே. முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக உறுதி தந்து பணம் கேட்பவர்களிடம் பெற்றோர்கள் கவனமாக இருப்பது நல்லது. அந்த உறுதியைத் தர யாராலும் முடியாது.

இன்றும் நாங்கள் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஆனால் சென்ற மாதம் குருநாகலிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்து நான்கு சாரிகள் கேட்டார். விலையை வாப்பாவே சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு, "கதவு திறந்திட்டு மகள்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் உம்மாவின் தையலோ, வாப்பாவின் கடையோ, உங்கள் கவிதையோ எதுவானாலும் இணையத்தில் ஏற்றும்போது, அழகைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பாருங்கள்.