ராக்கருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

பழைய காரை வாங்கி, இஞ்சினைப் பிரித்து, இன்னும் வேகமாக ஓடும்படி செய்வதில் அமெரிக்காவில் பலருக்குத் தீராத மோகம். லீவு நாள் முழுவதையும் கார் கொட்டகையில், கையில் கிரீஸோடு கழிப்பவர்கள் அங்கே ஏராளம். 1955-ல் ஷெவ்ரலே கம்பெனி வெளியிட்ட எட்டு சிலிண்டர் இஞ்சினிடமும் அதன் வாரிசுகளிடமும் அவர்களுக்குத் தனிப் பிரியம். அதில் அவர்கள் ஆசையோடு மாற்றும் சாமான்களில் ஒன்று 'ராக்கர் ஆர்ம்'.

அது என்னவென்று கேட்கிறீர்களா? குழந்தைகள் விளையாடும் ஸீஸாப் பலகைதான்! ஒரு முனையைக் கீழிருந்து ஒரு கம்பி தள்ளுகிறது. மறுமுனை இறங்கி, வால்வை அமுக்கித் திறக்கிறது. ஒரு வால்வு வழியாகப் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வரும். இன்னொன்றின் வழியாகப் புகை வெளியே போகும். பதினாறு வால்வுகளுக்குப் பதினாறு ராக்கர்கள். இஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொன்றும் விநாடிக்கு 50 தடவை தலையாட்டுகிறது. நம் வீட்டுத் தையல் மெஷின் ஊசி இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்!

ஸீஸாவின் நடு ஆணி ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால், நீண்ட பக்கம் அதிகமாக ஏறி இறங்கும் அல்லவா? அந்த ஷெவ்ரலே இஞ்சினில் இந்த விகிதம் 1.5. கம்பி 0.300 அங்குலம் தள்ளினால் வால்வு 0.450 அங்குலம் திறக்கும். 1.6 விகித ராக்கரைப் போட்டால் 0.480 அங்குலம். காம் தண்டைத் தொடாமலே இஞ்சினுக்குக் கூடுதல் காற்று! ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்து ராக்கர் வாங்குவது, மாப்பிள்ளையின் சம்பளத்தை மட்டும் கேட்டுக் கல்யாணத்தை நிச்சயம் செய்வது போலத்தான். பார்க்க வேண்டிய பொருத்தங்கள் இன்னும் இருக்கின்றன.

முதலில் ஸ்பிரிங். வால்வு அதிகமாக இறங்கினால் அதன் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். அதற்குமேல் அமுங்க இடமில்லாமல் தள்ளுகம்பி வளைந்துபோகும். அடுத்தது பிஸ்டன். மேலே வரும் பிஸ்டனுக்கும் கீழே இறங்கும் வால்வுக்கும் இடைவெளி போதாவிட்டால் இரண்டும் மோதும், இஞ்சினே பாழ்! மூன்றாவது தள்ளுகம்பி. 1.6 ராக்கரில் அது நடு ஆணியை நெருங்கி வருவதால், தான் நுழைந்து வரும் துவாரத்தின் ஓரத்தில் உரசக்கூடும். அதன் நீளமும் சரியாக இருக்க வேண்டும். வால்வின் தலையில் மை தடவி, இஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தால் ராக்கரின் தடம் நடுவில் விழவேண்டும். கடைசியாக, தடித்த ராக்கர் மேல்மூடியில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எந்த உலோகம் நல்லது? கம்பெனி போட்டுத் தருவது அச்சில் அடித்த எஃகுத் தகடு. கடைக்கும் ஆபீசுக்கும் போய்வரும் வண்டிக்கு அதுவே போதும். உருளை வைத்த ராக்கரில் உராய்வும் சூடும் குறைவு. அதை அலுமினியத்தில் செய்தால் எடையும் குறையும். ஆனால் முரட்டு ஸ்பிரிங்கோடு நெடுநாள் உழைத்தால் அலுமினியம் களைத்து விரிசல் விடலாம். அடிக்கடி பிரித்துப் பார்க்கும் பந்தய வண்டிக்கு அது சரி. தினசரி ஓடும் வேகமான காருக்கு உருளை வைத்த எஃகு ராக்கரே நம்பகமானது.

இவற்றையெல்லாம் அளந்து பார்க்க அரைநாள் பிடிக்கும். அளக்காமல் மாட்டினால் இஞ்சின் ஒரே விநாடியில் போய்விடும். பொருத்தம் பார்ப்பது வீண் வேலை என்று யார் சொன்னது?